காய்க்காத பரங்கிக் கொல்லை

கடைசிக் கொடியையும் வேரோடு பிடுங்கி வரப்பில் வீசிவிட்டுத்தான் தமிழ்மணி மச்சான் கடைக்கு வேலைக்குக் கிளம்பினான்.

தூரம் ஒன்றுமில்லை. அண்ணாமலை நகர் ரோட்டை ஒட்டிய அவனுடைய பரங்கிக் கொல்லையின் மூலையில்தான் அந்த ஜூஸ் கடையே இருக்கிறது. தம்பி சும்மா சுத்துறானே என்று பொண்டாட்டி ரேகா ஒரு வார்த்தை சொன்னாள். இந்தா எடுத்துக்கோ என்று இவன் ரோட்டோரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டான். நல்ல மனசு. வேறென்ன சொல்ல?

மச்சான் செந்தமிழ்செல்வன் கைராசிக்காரன். விடிந்தும் விடியாமலும் வாக்கிங் கூட்டம், அது போனால் காலேஜ் பிள்ளைகள் கூட்டம். ரோஸ்மில்க்கும் சர்பத்தும் ஊற்றி மாளவில்லை.

கடை வந்த வருஷத்திலிருந்துதான் தமிழ்மணிக்கு நேரம் சரியில்லாமல் போனது.

கொடிக்கு ஒரு குறையும் இல்லை. விடிகாலையில் பூ கொல்லை முழுக்க மஞ்சளாக விரிந்து கிடக்கும். அடியில் சொட்டுத் தேன் ஊறியிருக்கும். அதைக் குடிக்கிற சாக்கில் தேனீ ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் ஒட்டிவிட்டுப் போக வேண்டும். அப்போதுதான் பிஞ்சு காயாகும். வெயில் ஏறினால் பூ வாயை மூடிக்கொள்ளும்.

பூ காத்துக் கிடந்தது. தேனீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பிஞ்செல்லாம் வெம்பி அழுகி விழுந்தன. என்ன பாவம் செஞ்சோமோ என்று ரேகா மூக்கைச் சிந்தினாள். ஆண் பூவைக் கிள்ளிக் கிள்ளிப் பெண் பூவில் தடவி இருவரும் இடுப்பொடிய நின்று பார்த்தார்கள். ஈ செய்கிற வேலையை மனுஷன் செய்து கரையேற முடியுமா?

பக்கத்துக் கொல்லை தங்கராசு மேல்தான் சந்தேகம். அவன் கத்தரிக்கு மருந்தடித்துத்தான் தேனீயெல்லாம் செத்துப்போச்சு என்று தமிழ்மணி நடுரோட்டில் அவன் சட்டையைப் பிடித்தான். பூக்கிற நேரத்தில் அடிப்பதே இல்லை என்று தங்கராசு பெற்ற பிள்ளைமேல் சத்தியம் செய்தான். சத்தியமாவது மண்ணாவது என்று இவன் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தான். சின்ன வயசிலிருந்து கூடத் திரிந்தவன். அதோடு முகம் பார்ப்பது நின்றது. அவன் மகள் கல்யாணத்துக்குக்கூட இவன் போகவில்லை.

அடுத்த வருஷமும் பூத்தது, காய்க்கவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

இன்றைக்கு மாமா வேலைக்கு வந்ததும் செந்தமிழ்செல்வன் துண்டால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். சும்மா உட்கார இவனுக்குத்தான் கூசியது. குடித்த கப்பையெல்லாம் போடுகிற டிரம் நிரம்பி வழிந்தது. அதையாவது கொட்டிவிட்டு வருவோம் என்று பின்பக்கம் இழுத்துப் போனான்.

கப்பு ஒவ்வொன்றின் அடியிலும் ஏதோ கறுப்பாக ஒட்டியிருந்தது. டீத்தூள் என்று நினைத்தான். இந்தக் கடையில் டீ கிடையாதே என்று குனிந்தான்.

தேனீ. சர்க்கரைப் பாகில் றெக்கை ஒட்டிச் செத்துக் கிடந்தன. மேலே கிடந்த கப்பில் ரெண்டு மூணு இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தன.

“தெனமும் இதே ரோதனதான் மாமா, கடை போட்டதுலேர்ந்து இப்படியே வந்து வந்து வுழுந்து சாவுது,” என்றான் மச்சான், சர்பத்தைக் கலக்கிக்கொண்டே. “அப்படியே கொட்டிட்டு வாங்க, நம்ம கொல்லதான.”

தமிழ்மணி டிரம்மை விட்டுவிட்டு நிமிர்ந்தான். யாரை அடிப்பது? தங்கராசையாவது அடிக்க முடிந்தது.

கடையை மூடுடா என்று தொண்டை வரை வந்தது. மூடினால் நாளைக்குத் தன் வீட்டில் எதை வைத்து உலை வைப்பது?

டிரம்மைக் கவிழ்த்தான். அதற்குள் ஒரு பஸ் கூட்டம் இறங்கி வந்தது. கையைக் கழுவிக்கொண்டு போய், புதுக் கப்பாக எடுத்து எடுத்து மச்சானிடம் நீட்டினான்.