ஒன்றேகால் சுற்று

2023 மார்ச் 6, திங்கட்கிழமை. செங்கல்பட்டில் கட்டிக்கொண்டிருந்த ஒரு மருத்துவமனைக்காக வாங்கிய பதினோரு ஆளுயர ஏசி யூனிட்டுகள் திருமழிசைக் கிடங்கில் முப்பத்தோராவது மாதமாக நின்றன.

கிடங்குப் பொறுப்பாளர் தணிகாசலம் முதல் யூனிட்டின் தார்ப்பாயை விலக்கினார். பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டார்.

இந்துமதி டார்ச் அடித்தாள்.

ஓடாமல் நிற்கும் விசிறியின் தண்டை அப்படியே விட்டுவிட்டால் எடை முழுவதும் ஒரே புள்ளியில் இறங்கும். தண்டைத் தாங்கும் பேரிங்கில் குழி விழும். அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் திங்களன்று கையால் சுற்றிவிட வேண்டும். ஒன்றேகால் சுற்று. நின்ற இடத்திலேயே மறுபடி நிற்கக் கூடாது.

ஒருவர் சுற்ற வேண்டும். ஒருவர் பார்க்க வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஏசி கம்பெனியின் விதி.

சுற்றுபவர் தணிகாசலம். பார்ப்பவள் இந்துமதி. கட்டட ஒப்பந்தக்காரரின் செங்கல்பட்டு அலுவலகத்திலிருந்து வருகிறவள்.

முதல் மாதம் அவள் வாசலிலேயே பேனாவைத் திறந்தாள்.

"குடுங்க சார், போட்டுட்டுக் கெளம்பறேன்."

"பாக்காம போடாதீங்க மேடம்."

அன்று அவளுக்குக் கோபம். அடுத்த மாதம் டார்ச்சோடு வந்தாள்.

எலிக்குப் பயந்து ஒவ்வொரு யூனிட்டிலும் அவர் அந்துருண்டை போட்டு வைத்திருந்தார். கதவைத் திறந்ததும் அதன் நெடி முகத்தில் அடித்தது.

"இங்க வந்துட்டுப் போனா பீரோவுல வெச்ச பொடவ மாதிரி மணக்கறேன் சார். பஸ்ல பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டேங்கறாங்க."

இன்று முதல் ஆறும் சுலபமாகச் சுற்றின. ஏழாவது எப்போதும் போல முரண்டு பிடித்தது.

"ஆரம்பிச்சிட்டாரு, மாப்பிள்ள முறுக்க."

வழக்கமாக அவள் இப்படிச் சொன்னதும் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை யூனிட்டுகளை ஏற்றிப்போக லாரி வருகிறது.

அவர் மனைவி இறந்து ஏழு வருடம். இந்துமதியின் கழுத்தில் தாலி இல்லை என்பதை இருபதாவது மாதம் கவனித்தார். அதற்கு முன்பும் கண்ணில் பட்டிருக்கும். அதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

யூனிட்டுகள் போய்விட்டால் அவள் இங்கே வர ஒரு காரணமும் இல்லை.

அவரிடம் ஒரு வாக்கியம் இருந்தது. ஞாயிறு முழுக்க அதைச் சொல்லிப் பார்த்திருந்தார். எட்டாவதில் கேட்டுவிடலாம் என்று நினைத்தார்.

ஒன்பதில்.

பத்தில்.

பதினொன்றாவதை மிக மெதுவாகச் சுற்றினார். ஒன்றேகால் முடிந்தது. கை நிற்கவில்லை.

"சார், ரெண்டு ஆயிடுச்சு."

"ம்."

இன்னொரு கால் சுற்று சுற்றிவிட்டுக் கையை எடுத்தார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். அவரும் போட்டார். டார்ச் அணைந்தது.

"அப்ப, வியாழக்கிழமை பாக்கலாம் மேடம்."

அது அவர் தயார் செய்திருந்த வாக்கியம் அல்ல.

வியாழனன்று கிரேன் பதினோரு யூனிட்டுகளையும் ஏற்றி முடிக்க மதியம் ஆகிவிட்டது. ஏசி கம்பெனி இன்ஜினியர் கையெழுத்துத் தாள்களைப் புரட்டினார். ஒரு மாதமும் விடுபடவில்லை.

"ஆஸ்பத்திரி தொறக்க இன்னும் ஆறு மாசம் ஆகும். ஓட விடற வரைக்கும் அங்கயும் சுத்தணும். யார் பேரு போட?"

தணிகாசலம் லாரியின் கயிற்றை இழுத்துப் பார்த்தார். ஏற்கெனவே இரண்டு முறை இழுத்துப் பார்த்த கயிறு.

"சுத்தறது நான் சார்," என்றாள் இந்துமதி, இன்ஜினியரிடம். "பாக்கறது இவரு."

இன்ஜினியர் எழுதிக்கொண்டார்.

அவள் இந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, மொத திங்கக்கிழம லீவு போட முடியும்ல?"

கயிறு இன்னும் அவர் கையில் இருந்தது.

"முடியும்."

ஏப்ரல் 3, திங்கட்கிழமை. பூந்தமல்லியில் ஒரு பஸ், தாம்பரத்தில் ஒரு பஸ் மாறி, பத்தே முக்காலுக்குச் செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தார். அவள் சுற்றினாள். அவர் பார்த்தார்.

அன்று அந்தக் கட்டடத்தில் நூற்றெண்பத்திரண்டு பேர் வேலையில் இருந்தார்கள்; அவர்களில் யார் பார்த்திருந்தாலும் விதிக்குப் போதும்.