இரவல் விரல்கள்

கோவையில் மிக்ஸி செய்யும் கம்பெனிகள் இப்போதெல்லாம் வாடிக்கையாளரிடம் கருத்துக் கேட்பதில்லை. வடிவமைப்பவரும் வாடிக்கையாளரும் தங்கள் விரல்களின் வலுவை ஒரு பகலுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். செலவும் குறைவு, பொய்க்கும் இடமில்லை.

மிக்ஸி வடிவமைக்கும் இலக்கியாவோடு மாற்றிக்கொண்டவர் தெய்வானை. நரம்பு நோயில் விரல்கள் துவண்டவர். முதல் நாள் அந்த விரல்களோடு இலக்கியா எதைத் தொட்டாலும் தண்ணீருக்குள் தொடுவது போலிருந்தது. தான் வரைந்த ஜார் மூடியையே அவளால் திறக்க முடியவில்லை. அன்றிலிருந்து தினமும் மூடியைத் திருத்தினாள். தெய்வானையும் தினமும் காலையில் வந்து மாற்றிக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் திருப்பித் தந்தார்.

இன்று மதியம் மூடி, பூவைப் பறிப்பது போலக் கழன்று வந்தது. இலக்கியா தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

மாலையில் தெய்வானை ஏதோ கனவிலிருந்து எழுந்தவர் போல வந்து உட்கார்ந்தார்.

“பள்ளிக்கூடம் உட்டு வந்ததும் எம் பொண்ணுக்குத் தலை பின்னி உட்டேன் கண்ணு. அவ பொறந்து எட்டு வருசத்துல இன்னைக்குத்தான் துணிஞ்சு பின்னறேன். அசையாம உக்காந்திருந்தா. நாளைக்கு ரெட்டைச் சடை வேணுமாம்.”

சொல்லிவிட்டுத் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூடி சரியாயிருச்சுங்களா?”

மேசைமேல் கிடந்த மூடியை எடுத்து இலக்கியா மெல்ல ஜாரில் பொருத்தினாள்.

“இல்லீங்கக்கா, இன்னும் இறுக்கமாத்தான் இருக்குது. நாளைக்கும் வாங்க.”