ஒன்பதாம் நம்பர் தட்டு

“அந்தத் தட்டை மட்டும் நான் தொட மாட்டேன் சார். நீங்களே பண்ணிக்கோங்க.”

கையுறைகளைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றாள் செல் வளர்ப்பு அறை டெக்னீஷியன். ஆய்வகத் தலைவருக்குச் சுர்ரென்று ஏறியது. பித்த அமிலத்தோடு ஆறு வருடமாக மல்லுக்கட்டி, ‘பித்தம் சார்’ என்றே பேர் வாங்கியவர். ஏறாமல் இருக்குமா?

“விளையாடுறீங்களாம்மா? எனக்குக் குடுவையில காய்ச்சத்தான் தெரியும். செல்லுல மருந்து விடற கை உங்களுது. தட்டுல ஒரு குழி தப்பினாலும் எல்லாம் போச்சு!”

“தெரியும் சார். மெதுவா விடுங்க, பக்கத்துல நின்னு சொல்றேன்.”

விஷயம் இதுதான். கல்லீரல், பித்த அமிலத்தை வீட்டு ஆள் என்று நம்பிக் கதவைத் திறந்துவிடும். அதோடு ஒரு மரப்பட்டைச் சரக்கை ஒட்டி அனுப்பினால், உள்ளே போய்ப் புற்றுச் செல்லைத் தீர்த்துக்கட்டும் என்பது பித்தம் சாரின் கணக்கு. இதுவரை செய்த முப்பது ஒட்டு மருந்துகளும் மண்ணைக் கவ்விவிட்டன. முப்பத்தோராவதும் தோற்றால் மேலிடம் இந்த ஆராய்ச்சிக்கே மூடுவிழா நடத்திவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கட்டிச் செல்களில் மிச்சமிருப்பது ஒன்பதாம் நம்பர் மட்டும். நோயாளியின் பேர் கிடையாது, வெறும் நம்பர்தான். அதுவும் ஒரே ஒரு தட்டுக்குத்தான் காணும்.

மற்ற எட்டையும் கண்ணை மூடிக்கொண்டு செய்து கொடுத்தவள் இவள். ஒன்றரை மாத லீவு முடிந்து போன வாரம் திரும்பியதிலிருந்துதான் இப்படி. ‘வேற கம்பெனியில இண்டர்வியூ முடிச்சுட்டு வந்திருப்பா. இனிமே இங்க மனசு ஒட்டுமா?’ என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே, மருந்தைச் சொட்டு சொட்டாக விடும் பிப்பெட்டை எடுத்தார்.

“மூச்சை விட்டுட்டு அழுத்துங்க சார்... இப்ப அடுத்த குழி...” என்று அவள் சொல்லச் சொல்ல, தொண்ணூற்றாறு குழிகளையும் முடிப்பதற்குள் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

பலன் தெரிய மூன்று நாள். வீட்டில் உட்கார முடியவில்லை, ஆய்வகத்தில் நிற்க முடியவில்லை. “தட்டுல இருக்கறதைச் சாப்பிடப் போறீங்களா, ஆராய்ச்சி பண்ணப் போறீங்களா?” என்று மனைவி கேட்டதற்கும் எரிந்து விழுந்தார்.

மூன்றாம் நாள் காலை அவர் ஓட்டமும் நடையுமாக வந்தால், டெக்னீஷியன் அதற்கு முன்பே வந்து செல் அறை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ‘தொடவே மாட்டேன்னவளுக்கு இப்ப என்ன அக்கறை?’ என்று நினைத்தபடி அவரே தட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார்.

குனிந்தவர் நிமிரவே இல்லை. அவசரமாக, அதே மருந்தை விட்டிருந்த பக்கத்துத் தட்டைப் பார்த்தார். அதில் இருந்த நல்ல செல்கள் ஜம்மென்று ஒட்டிக்கொண்டிருந்தன.

“செத்துடுச்சும்மா! ஒன்பதாம் நம்பர் அத்தனையும் செத்துடுச்சு! நல்ல செல்லுக்கு ஒண்ணும் ஆகலை!”

அவள் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பித்தம் சாருக்குக் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

“இது மருந்தா கடைக்கு வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்மா. அதுக்குள்ள அந்த நோயாளி, பாவம், யாரு பெத்த பிள்ளையோ...” இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். “ஆமா, இவ்வளவு துடிக்கிறீங்களே, அன்னைக்கு ஏன் தொட மாட்டேன்னு அடம் பிடிச்சீங்க?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“நம்ம உடம்புல இருந்து எடுத்த செல்லை நாமளே தொடக் கூடாதுன்னு விதி இருக்கே சார்.”