வலை இழுப்பாரா?

விசைப்படகில் வழுக்கி விழுந்த பொன்னுரங்கத்துக்கு இடுப்பு நரம்பில் ஆபரேஷன். அவன் மனைவி குணசுந்தரி தியேட்டர் வாசலுக்கும் படிக்கட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள்.

"டீயாச்சும் குடி அண்ணி," என்றாள் நாத்தனார் சினேகா.

"நீ குடி. டாக்டர் வந்து சொல்லட்டும்."

டாக்டர் வெளியே வந்ததும் ஓடினாள். "நல்லா நடப்பாரா சார்?"

"நடப்பார்."

"வலை இழுப்பாரா?"

டாக்டர் தயங்கினார். "முடியாதும்மா. இனிமே கடலுக்கே போகக் கூடாது."

"ஐயோ, அண்ணனுக்குக் கடல்னா உசுராச்சே!" என்று சினேகா அழுதுவிட்டாள்.

குணசுந்தரியின் முகம் மலர்ந்தது.

"சார், அத நீங்களே அவராண்ட சொல்லிடுங்க. கொஞ்சம் மெரட்டியே சொல்லுங்க. கண்ணாலம் ஆனதுலேர்ந்து அவர் கடலுக்குப் போனா நான் தூங்கினதே இல்ல. போவாதன்னா சிரிக்கிறாரு சார்!"