மிளகு பத்தலை

கொதிக்கிற மிளகு ரசத்தில் ஜெலட்டின் தூளைக் கொட்டிக் கிளறினாள் வேல்விழி. ஆண்டிபட்டியிலிருந்து கூடலூருக்கு வாக்கப்பட்டு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"ரசத்துல ஜெல்லி மிட்டாயா? எவன் திம்பான்?" என்றான் ஜீப் ஓட்டும் கணவன் சங்கிலி.

"போன வாரம் குடுத்த திராட்சை மிட்டாய் வித்துப்போச்சாம். குமுளிக் கடைச் சேட்டன் இப்ப ரசந்தான் கேட்டாக. கொண்டுபோய்க் குடுங்க."

கொடுத்துவிட்டு வந்தான். சாயங்காலம் சேட்டன் போனில் அழைத்தார். பேசி முடித்த வேல்விழியின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"ரசம் பத்தலையாம்."

மறுநாள் மிளகை இரண்டு மடங்காக்கினாள். வடுகபட்டிப் பூண்டு ஒரு கை தட்டிப் போட்டாள். பக்கத்து வீட்டில் தும்மினார்கள். ஒன்றை வாயில் போட்ட சங்கிலிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதுக்கு மேல ரசம்னா சோத்துல பெசஞ்சுதான் திங்கணும்."

அன்றும் போன் வந்தது. அன்றும் அதே குறை. வேல்விழி மிளகு டப்பாவை எடுத்தாள்.

"இரு. சேட்டன் என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

"திராட்சை மிட்டாய்க்கு, 'நல்ல ரசம், இனியும் வேணம்'னாக. இந்த ரெண்டு தடவையும், 'ஒரு ரசவும் இல்லா'ன்னுட்டாக."

சங்கிலி அடுப்பை அணைத்தான்.

"ஆத்தா, மலையாளத்துல நல்ல ரசம்னா நல்லாருக்குன்னு அர்த்தம்."

வேல்விழி யோசித்தாள்.

"அப்ப சோத்துக்கு ஊத்துற ரசத்துக்கு அங்கன என்ன பேரு?"

"அதுவும் ரசந்தான்."

"அப்பத் தப்பு அவுக மேலதான்" என்று மிளகு டப்பாவை மூடினாள்.