ஞாயிறு டூட்டி

தார்ச்சாலை முடிந்த இடத்தில் ஹெலன் சைக்கிளைப் புங்கமரத்தில் சாய்த்துப் பூட்டினாள்.

புருஷன் மோசஸின் சைக்கிள் அது. சிவப்பு நிறம், கியர் வைத்தது. மணவாள நகரிலிருந்து இதுவரை மிதித்து வந்ததில் அவளுக்குத் தொடை இரண்டும் கடுத்தன. பள்ளிக்கூடத்தோடு விட்ட பழக்கம்.

அவன் இறந்து ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது.

காக்களூரில் வேலை பார்த்த கம்பெனியிலேயே, மெஷினுக்குப் பக்கத்தில் சாய்ந்துவிட்டான். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைக்கூட அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். நாற்பதாம் நாள் ஜெபத்தன்று வசந்தகுமார் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

வசந்தகுமார் மோசஸோடு ஒரே ஷிப்டில் இருந்தவன். ஞாயிறு டூட்டியைப் பற்றி அவள் ஏதோ சொல்ல, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே வெள்ளந்தியாகச் சொன்னான்.

"ஞாயித்துக்கெயம டூட்டியா? நம்ம கம்பெனில அந்தப் பேச்சே கெடியாது அண்ணி. என்னிக்குமே லீவுதான்."

அவள் கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள்.

ஒன்பது வருஷம். ஞாயிறு தவறாமல் விடியற்காலையில் எழுந்து டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அவனை டூட்டிக்கு அனுப்பிவிட்டுத் தனியாகச் சர்ச்சுக்குப் போய், அவனுக்கும் சேர்த்து ஜெபம் செய்திருக்கிறாள்.

மறுநாளே அவன் போனைத் திறந்து பார்த்தாள். மேப்பில் எல்லா ஞாயிறும் ஒரே கோடு. பூண்டி ஏரியைத் தாண்டி, காட்டோரமாகப் போய், ஒரு குன்றின் பக்கத்தில் நின்றது.

அங்கே ஒரு வீடு இருக்கும். வீட்டில் ஒருத்தி இருப்பாள். வேறென்ன இருக்கப்போகிறது?

அந்த ஒருத்தியிடம் கேட்க வேண்டியதை வழிநெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கத்தக் கூடாது. அழவும் கூடாது. எத்தனை வருஷமாக என்று மட்டும் கேட்க வேண்டும். மோசஸ் செத்துப்போனது அவளுக்குத் தெரியாமல் இருந்தால் அதையும் தன் வாயால்தான் சொல்ல வேண்டியிருக்குமோ என்ற நினைப்பு வந்தபோது மட்டும், ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

ஆனால் இங்கே வீடு எதையும் காணோம்.

புங்கமரத்துக்கு அப்பால் ஒற்றையடிப் பாதை ஒன்று மேலே ஏறியது. பயமுறுத்துகிற ஏற்றம் இல்லை. மூச்சு வாங்கினால் நின்று நின்று போகலாம். செம்மண்ணில் உருண்டைக் கற்கள். இரண்டு பக்கமும் களாச்செடி, காரைமுள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கூரையை எதிர்பார்த்தாள். ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் இன்னொரு திருப்பம்தான் வந்தது.

உச்சியில் ஒரு தட்டைப் பாறை கிடந்தது. கீழே ஏரி வெளுத்துத் தெரிந்தது. அவ்வளவுதான். இதற்கு மேல் பாதை இல்லை.

மறுபக்கச் சரிவிலிருந்து ஆடுகள் ஏறி வந்தன. பின்னால் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண், கையில் கோலோடு வந்தாள். ஹெலனின் வயதுதான் இருக்கும்.

"சேப்பு சைக்கிளு கீய நிக்கிறத மேலருந்து பாத்தேன். ரொம்ப நாளா காணமே, சார்தான் வந்துகிறாருன்னு நென்ச்சேன். நீங்க அவரு ஊட்டம்மாவா?"

ஹெலன் தலையை ஆட்டினாள்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடி, ஒருவயியா வந்துட்டீங்க! தனியாவே வருவாரு, இந்தப் பாறைல தனியாவே குந்தினு இருப்பாரு. ஒரு தபா ஊட்டம்மாவ கூட்டினு வா சாருன்னு எத்தினி வாட்டி சொல்லிகிறேன் தெர்யுமா? அவளுக்கு மலைன்னா உசுரு, முட்டிவலி, அதான் ஏற முடியலன்னுவாரு. இப்ப முட்டி தேவலையாம்மா?"

ஹெலனுக்கு முட்டிவலி வந்ததே இல்லை.

மலை என்றால் உயிரும் இல்லை. கல்யாணமான புதிதில், அம்மா வீட்டில் எல்லோரும் இருக்கும்போது மோசஸ் ஒருமுறை கேட்டான், சைக்கிளில் இப்படியே எங்காவது மலைப்பக்கம் போய்விட்டு வரலாமா என்று. கல்லையும் முள்ளையும் பார்க்க எவளாவது வேலை மெனக்கெட்டுப் போவாளா என்று சொல்லி அவள் சிரித்தாள். அக்கா சிரித்தாள், மாமா சிரித்தார். அவனும் கூடவே சிரித்தான்.

அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை.

"இப்ப தேவலைம்மா," என்றாள் ஹெலன்.

அந்தப் பெண் அவளுக்குப் பின்னால் பாதையை எட்டிப் பார்த்தாள்.

"சார எங்க காணம்?"

காற்று ஹெலனின் முந்தானையை இழுத்தது. அதை இடுப்பில் செருகிக்கொள்ளக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

"பின்னால வர்றாரு. மெதுவா வாங்கன்னு சொல்லிட்டு, நான் முன்னால வந்துட்டேன்."

"வரட்டும், வரட்டும்," என்ற அந்தப் பெண், பாதையை அடைத்துக்கொண்டு நின்ற ஆடுகளைக் கோலால் தட்டி இரண்டு பக்கமும் ஒதுக்கி, அவன் ஏறி வருவதற்கு வழி விட்டாள்.