எய்விந்தூரின் முழங்கால்

முழங்கால் வலி பொறுக்கவில்லை என்று நகராட்சிக்கு எய்விந்தூர் எழுதிய நான்காவது கடிதம் அது. மோட்டார் அறைக் கதவிடுக்கு வழியாக வரும் குளிர்காற்றில் கால் விறைத்துப்போகிறது. அந்தக் கதவைச் சுவர் வைத்து அடைத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தான்.

“இதுல நீயும் ஒரு கையெழுத்துப் போடேன், ஹெய்த்ரூன். ரெண்டு பேராக் கேட்டா சீக்கிரம் நடக்கும்.”

“உன் முழங்காலுக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? நானும்தான் தினம் காலையில அந்த ரூமுக்குள்ள போறேன். எந்தக் காத்தும் அடிக்கலையே.”

“உனக்கு உடம்பு வாகு அப்படி.”

“போன வாரம் ரெண்டு நாள் மலையில ஏறி ஆடு ஓட்டிட்டு வந்தியே, அப்ப வலிக்கலையா?”

“ஆடு ஓட்டறப்ப யாருக்கு வலி தெரியும்?” என்று கடிதத்தை உறையிலிட்டு ஒட்டினான் அவன்.

ஐஸ்லாந்தின் வடகரையில் இருந்த அந்தச் சிற்றூரின் நீச்சல்குளத்தில், பெண்கள் பக்கத்துக்கு ஹெய்த்ரூன் பொறுப்பு. ஆண்கள் பக்கத்துக்கு எய்விந்தூர். ஒட்டுத்துணி இல்லாமல் நின்று, சோப்புப் போட்டுக் குளித்த பிறகே எவரும் குளத்தில் இறங்கலாம். குளிக்காமல் நழுவுகிறவர்களைத் திருப்பி அனுப்புவது இருவருக்கும் வேலை. பதினெட்டு வருஷமாக ஒரே வேலை, ஒரே நேரம். சம்பளம் மட்டும் ஒன்றல்ல.

அந்த மாதம்தான் நகராட்சியிலிருந்து சல்வோர் வந்திருந்தாள். ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பெண் போட வேண்டும். சம மதிப்பெண்ணுக்குச் சமச் சம்பளம் என்பது சட்டம். ஹெய்த்ரூனோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்தான். ஆனாலும் காகிதத்தைக் கையில் எடுத்துவிட்டால் அவளுக்கு யாரும் தோழியில்லை.

“மோட்டார் ரூம் பொறுப்புக்கு நாப்பது மார்க். அது எய்விந்தூருக்குப் போகுது.”

“காலையில அஞ்சரைக்கு வந்து பூட்டைத் திறந்து தண்ணியில குளோரின் பாக்கறது யாரு? நான். ராத்திரி எல்லாரும் போன பிறகு ஃபில்டர் கழுவறது? அதுவும் நான்தான்.”

“தெரியும். ஆனா பகல்ல ஆள் இருக்கறப்ப மோட்டார் நின்னுபோச்சுன்னா?”

மோட்டார் அறைக்கு ஒரே ஒரு கதவு. அது ஆண்கள் குளிக்கும் அறைக்குள் இருந்தது. மோட்டாரை ஒரு பெண் தொடுவாள் என்று, ஐம்பது வருஷத்துக்கு முன் அதைக் கட்டியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

“பாதி ஊரு அம்மணமா நிக்கும். நடுவுல புகுந்து போவியா நீ?”

“எனக்கு ஒண்ணும் இல்லை. அவங்கதான் தாங்க மாட்டாங்க.”

சல்வோர் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் மதிப்பெண்ணை மாற்றவில்லை.

“எந்நேரமும் போக முடிஞ்சவங்களுக்குத்தான் அந்த மார்க். மாசக் கடைசியில காகிதத்தை மூடிடுவேன், கண்ணு. அப்புறம் மூணு வருஷத்துக்கு அசைக்க முடியாது.”

அன்று முழுவதும் ஹெய்த்ரூனுக்கு மனம் ஆறவில்லை. வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்திருந்த பெண்களிடம் கொட்டித் தீர்த்தாள்.

“அந்தக் கதவாலதான் அவனுக்கு நாப்பது மார்க். அந்தக் கதவையே அடைக்கச் சொல்றான் பாருங்க. வேலை போயிடும், மார்க் மட்டும் அப்படியே நிக்கும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்.”

“ஆம்பளைக்கு முழங்கால்லயும் மூளை,” என்றாள் ஒருத்தி. தொட்டியே குலுங்கிச் சிரித்தது.

நான்காவது கடிதத்துக்குப் பலன் கிடைத்தது. ஊழியரின் உடல்நலம் என்ற சொல் எங்கோ ஒரு மேசையில் ஒருவரை உறுத்தியிருக்க வேண்டும். மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில் இரண்டு கொத்தனார்கள் வந்தார்கள். ஆண்கள் பக்கத்துக் கதவை அடைத்தார்கள். மோட்டார் அறைக்கு வேறு வழி வேண்டுமே என்று, சீட்டுக் கொடுக்கும் இடத்துக்கு எதிரே பொது நடையில் சுவரை இடித்துப் புதுக் கதவு வைத்தார்கள்.

ஹெய்த்ரூன் இரண்டு கோப்பையில் காபி ஊற்றி, ஒன்றை அவன் முன் நங்கென்று வைத்தாள்.

“இப்ப முழங்கால் எப்படி இருக்கு, மகாராசா?”

“அதை விடு. சல்வோர் மூணு மணிக்கு வர்றா. தலையை வாரிக்க.”

“அவ எதுக்கு வர்றா?”

“உன் காகிதத்தைத் திருத்த. கதவு இப்ப நடையில இருக்கில்ல? நீயும் எந்நேரமும் போகலாம். காலையிலயும் ராத்திரியிலயும் நீ செய்யற வேலையை எல்லாம் தேதி போட்டு எழுதிக் குடுத்துட்டேன். நாப்பது மார்க் உனக்கும் உண்டுன்னு அவ வாயாலயே சொன்னா.”

ஹெய்த்ரூன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வெந்நீர்த் தொட்டியில் தான் பேசியது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து காதைச் சுட்டது. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்ததில் கோபிப்பதுதான் அவளுக்கு எளிதாக இருந்தது.

“இதுக்கு எதுக்குடா பொய்யா முழங்காலை இழுத்தே? நேராவே கேட்டிருக்கலாமே.”

“கேட்டேனே. போன தடவை மார்க் போட்டாங்களே, அப்பவே எழுதினேன். ஹெய்த்ரூன் வேலை செய்யறதுக்கு வசதியாக் கதவை மாத்துங்கன்னு. நகராட்சியில காசே இல்லைன்னு பதில் வந்தது.”

எய்விந்தூர் காபியை ஒரு வாய் குடித்து, காலை நன்றாக நீட்டிக்கொண்டான்.

“இந்தத் தடவை என் முழங்காலுக்குன்னு கேட்டேன். காசு இருந்துது.”